சஸ்ஸிகாயா 2016: நெல்லை வெயிலில் ஓர் உயர்ந்த கபர்னே ஒயினைக் காப்பதும் சுவைப்பதும்

பாளைவாசி | மே 11, காலை 9.40

மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மிலான் நகரில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, சஸ்ஸிகாயா என்னும் இத்தாலியச் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 2016ஆம் ஆண்டு விளைச்சல். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி சுங்க வரியின்றி இரண்டு லிட்டர் வரை மதுவகை கொண்டுவரலாம் என்பதால் விமான நிலையத்தில் தடை ஏதும் இல்லை. அங்கேயே இதன் விலை சில நூறு யூரோ என்று அறிந்தபோது, தெரியாத்தனமாகத் திறந்து வீணாக்கிவிடக் கூடாது என்ற கவலை வந்துவிட்டது.

கபர்னே என்னும் கருந்திராட்சையில் செய்த ஒயின்களில் நான் இதுவரை குடித்தது, பெங்களூருவில் வாங்கிய நந்தி மலைப் பகுதியின் கபர்னே–ஷிராஸ் கலவை மட்டுமே. வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பேர் இந்த 750 மில்லியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறோம். எப்போது திறப்பது, அதுவரை எங்கே வைப்பது, எதனோடு உண்பது, எதைக் கவனித்துச் சுவைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இப்போதைக்குப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, மாடி அறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

குறுக்குத்துறை | மே 11, காலை 11.15

தம்பி, அந்தப் பாட்டிலை இன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒயினை நெடுங்காலம் வைத்திருக்கும் நிலவறைகளில் வெப்பம் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் அளவில், ஆண்டு முழுவதும் பெரிய மாற்றமின்றி இருக்கும். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை மாடி அறை பிற்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். இரவில் சுருங்கும்போது தக்கையின் ஓரம் வழியாகக் காற்று உள்ளே போகும். சில வாரங்கள் இப்படியே கழிந்தால் பழ மணம் மங்கி, வெந்த பழத்தின் கனத்த வாடை ஒன்றுதான் மிஞ்சும். வீட்டில் ஏ.சி. அறை இருந்தாலும் இரவில் மட்டும் ஓடும் ஏ.சி. போதாது, ஏனெனில் தினமும் பத்து டிகிரி ஏறி இறங்குவது தொடர்ந்து சற்றுச் சூடாக இருப்பதைவிடவும் கெடுதி செய்யும். சிறப்பு ஒயின் பெட்டி இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி, சமையலறை ஃப்ரிட்ஜின் அடித்தட்டு. காய்கறிப் பெட்டியில் படுக்க வைத்தால் தக்கை ஈரமாகவே இருக்கும்; மாவுப் பாத்திரத்தின் வாடையும் மீன் வாடையும் அண்டாதபடி நெகிழி உறையில் சுற்றிவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு அது ஏற்ற இடமல்ல, ஆனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு நம் ஊர் அலமாரியைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

நான் பயணக் கப்பல் ஒன்றின் உணவுக்கூடத்தில் ஒயின் பரிமாறும் பணியில் இருந்தவன் என்பதால், உங்கள் கைக்கு வந்திருப்பது என்ன என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் கடற்கரைப் பக்கம் போல்கெரி என்னும் சிற்றூர் இருக்கிறது. தஸ்கனி என்றாலே சாஞ்சோவேசே திராட்சைதான். அப்படிப்பட்ட மண்ணில், பிரான்சின் போர்தோ வட்டார ஒயின்களின் மேல் தீராத விருப்பம் கொண்டிருந்த மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா என்னும் பிரபு, 1940-களில் தம் சான் குவிதோ பண்ணையில் கபர்னே கொடிகளை நட்டார். போர்தோவின் கிராவ் பகுதியைப் போலவே இங்கும் நிலம் கற்கள் மண்டியது என்பதுதான் அவருடைய துணிவுக்குக் காரணம். கபர்னே காலம் தாழ்த்திப் பழுக்கும் வகை. கல் நிலம் நீரைத் தேக்காது, பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே அந்தக் கொடிக்கு அது ஏற்றது. பல ஆண்டுகள் அந்த ஒயின் குடும்பத்தாரின் மேசையைத் தாண்டவில்லை. 1968ஆம் ஆண்டு விளைச்சல்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 1978-இல் லண்டனில் டிகேன்டர் என்னும் ஒயின் இதழ் நடத்திய கபர்னே சுவைத்தேர்வில் 1972ஆம் ஆண்டுச் சஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. அப்படியிருந்தும் அப்பகுதியின் ஒயின் விதிகளில் கபர்னேவுக்கு இடம் இல்லாமையால், சட்டப்படி அது வெறும் மேசை ஒயினாகவே, அதாவது கடைநிலை வகையாகவே நீடித்தது. 1994-இல்தான் அதற்கென உரிய பெயருரிமை, அதாவது விளைந்த ஊரின் பெயரைச் சட்டப்படி தாங்கும் உரிமை, கிடைத்தது.

கலவையில் 85 விழுக்காடு கபர்னே சோவிஞ்ஞோன் (கபர்னே என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்), மீதி அதன் உறவு வகையான கபர்னே ஃப்ரான். 225 லிட்டர் கொள்ளும் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகே பாட்டிலுக்கு வரும். 2016 மிகவும் போற்றப்பட்ட ஆண்டு. இன்னும் பல ஆண்டுகள் தாங்கக்கூடியது என்றாலும், நம் ஊரில் தாங்க வைக்க இடம் இல்லாதபோது காத்திருப்பதில் பொருளில்லை. ஆனி, ஆடிச் சாரல் தொடங்கியதும் திறந்துவிடுங்கள்.

வள்ளியூரான் | மே 11, இரவு 8.05

அண்ணாச்சி சொன்ன வரலாற்றை ஆர்வத்தோடு படித்தேன். ஆனாலும் என் மாற்றுக் கருத்தையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நாம் சுவைக்கப்போவது ஒயினையா, அதன் விலையையா என்ற கேள்வியை இந்த இழையில் யாராவது கேட்டாக வேண்டும்.

2008-இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில், ஒரே கபர்னே சோவிஞ்ஞோனை 10 டாலர் என்று ஒரு முறையும் 90 டாலர் என்று மறு முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவுடன் அது மேலும் நன்றாக இருப்பதாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். அது பேச்சளவில் நிற்கவில்லை. இன்பத்தைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியின் இயக்கமே கூடியிருந்தது. அதற்கும் முன்னால், 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஒயின் வணிகர் நடத்திய சுவைத்தேர்வில், பெயரை மறைத்துக் கொடுத்தபோது பிரெஞ்சு நடுவர்களே மூத்தோன்-ரோத்சில்ட், ஓ-பிரியோன் போன்ற போர்தோவின் உச்சிப் பெயர்களைத் தாண்டி, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கபர்னேவை முதலிடத்தில் வைத்தார்கள். பெயர் தெரியாதபோது நாக்கு வேறு தீர்ப்புச் சொல்கிறது.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் இத்தாலியின் நிதிக் காவல் துறை, இதே சஸ்ஸிகாயாவின் போலிகளைத் தயாரித்த கும்பல் ஒன்றைப் பிடித்தது. ஒயின் சிசிலியிலிருந்தும், பாட்டில் துருக்கியிலிருந்தும், லேபிள் பல்கேரியாவிலிருந்தும் வந்தன. 2010 முதல் 2015 வரையிலான ஆண்டுகளின் பெயரில் அவை விற்கப்பட்டன. பாளைவாசி அவர்களின் பாட்டில் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கே வாங்கியது என்பதை மைத்துனரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாளைவாசி | மே 12, காலை 7.30

குறுக்குத்துறை அண்ணாச்சிக்கு நன்றி. பாட்டில் நேற்றே ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. வள்ளியூரான் அவர்களுக்கு: மைத்துனர் இதைப் பல ஆண்டுகளாகப் பழகிய கடையில் ரசீதோடு வாங்கியிருக்கிறார், லேபிளும் தக்கை உறையும் பழுதில்லாமல் இருக்கின்றன.

கடையம் ஆசிரியர் | மே 12, மாலை 5.50

வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சில செய்திகள்.

வள்ளியூரான் குறிப்பிட்ட ஆய்வு உண்மையானது, முக்கியமானதும்கூட. ஆனால் அது காட்டுவது, விலையை அறிந்திருப்பது நம் இன்பத்தை மாற்றுகிறது என்பதை. இரண்டு ஒயின்களுக்கு இடையே வேறுபாடே கிடையாது என்று அது காட்டவில்லை. பாரிஸ் தேர்வும் அப்படித்தான்: பெயரை மறைத்த பிறகும் நடுவர்களால் ஒயின்களைத் தரம் பிரித்துப் பேச முடிந்தது, அவர்கள் கொடுத்த வரிசைதான் ஊர் எதிர்பார்த்த வரிசையாக இல்லை.

இனி கபர்னேவின் இயல்புக்கு வருகிறேன். பழம் சிறியது, தோல் தடித்தது, சதையோடு ஒப்பிட்டால் விதை அதிகம். நிறம் தோலிலும், துவர்ப்பு தோலிலும் விதையிலும் இருப்பதால், இந்த ஒயினில் இரண்டும் மிகுதியாக இறங்குகின்றன. துவர்ப்பைத் தருகிற டானின்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு சேர்ந்து அவற்றைத் திரள வைக்கின்றன, வழுவழுப்பு நீங்கிய நாக்கும் ஈறும் ஒன்றோடொன்று உரசுகின்றன. நாவற்பழம் தின்றபின் வாய் வறண்டு இழுப்பதும் இதே வினைதான். ஆகவே நம் ஊர்க்காரருக்குத் துவர்ப்பு புதிதல்ல, அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டிய தேவையும் இல்லை. கவனிக்க வேண்டியது அதன் தன்மையை: சொரசொரப்பாக ஓரிடத்தில் பிடிக்கிறதா, மாவுபோல் நுண்மையாக வாய் முழுக்கப் பரவுகிறதா என்பதைப் பாருங்கள். இளம் ஒயினில் தனித்தனியாக இருக்கும் டானின்களும் நிறமிகளும் ஆண்டுகள் போகப்போக ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, துவர்ப்பின் கூர்மை தணியும்.

மணத்தில் இரண்டு செய்திகள். 1997-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மரபணுச் சோதனையால் கபர்னே சோவிஞ்ஞோனின் பெற்றோர் கபர்னே ஃப்ரானும் சோவிஞ்ஞோன் பிளாங்கும் என்று நிறுவினார்கள். அந்தப் பெற்றோர் இரண்டிலும் பைரசின் வகைச் சேர்மங்கள் உண்டு. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பச்சைக் குடைமிளகாய் மணமாக மூக்குக்கு எட்டும். பழம் வெயிலில் நன்கு முதிரும்போது அது குறைகிறது. அளவோடு இருந்தால் ஒயினுக்கு ஒரு புத்துணர்வு, மிஞ்சினால் பழம் முதிரவில்லை என்பதற்கு அறிகுறி. இரண்டாவது, ஓக் பீப்பாயிலிருந்து வருவது. வாட்டிய ஓக் மரத்திலிருந்து வெனிலின் இறங்கும், யூஜெனாலும் இறங்கும். நம் கிராம்பின் மணம் அதே யூஜெனால்தான், ஆகவே இந்த ஒயினில் கிராம்பு மணக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம்.

சாரல் | மே 13, காலை 10.20

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

ஆசிரியர் ஐயா சொன்ன துவர்ப்பு புரதத்தையும் கொழுப்பையும் தேடும் என்பதால், ஆட்டுக்கறிதான் முதல் தேர்வு. ஆனால் நாம் வழக்கமாக வைக்கும் மிளகாய் வற்றல் அரைத்த கறியை வைத்தால் ஒயின் தோற்றுவிடும். காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் சேர்த்துத் தூக்கிக் காட்டும். நான் செய்வதாக இருந்தால், தொடைக் கறியைப் பெரிய துண்டுகளாக வாங்கி, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு, நல்லெண்ணெயில் சிறு தீயில் நீண்ட நேரம் வதக்கி, கடைசியில் அப்போது இடித்த மிளகு கொஞ்சம் தூவி இறக்குவேன். புளி வேண்டாம், தக்காளி வேண்டாம், மிளகாய் வேண்டாம். சைவம் உண்பவர்கள் இருந்தால் சேனைக்கிழங்கைக் கனமாக வெட்டி மிளகும் உப்பும் சேர்த்து வறுத்துக் கொடுக்கலாம், அல்லது கொடைக்கானலில் செய்யும் முதிர்ந்த பாலாடைக்கட்டியை வைக்கலாம்.

நம் கல்யாண வீட்டுச் சொதியும் பொருந்தும் என்பது என் எண்ணம். அதில் மிளகாய்ப் பொடி கிடையாது, தேங்காய்ப் பாலின் கொழுப்பு உண்டு.

குறுக்குத்துறை | மே 13, பிற்பகல் 1.45

கறியைப் பற்றிச் சாரல் அக்கா சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். சொதியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேரும் சொதிக்கு முன்னால் துவர்ப்பு மிக்க சிவப்பு ஒயின் உலோகச் சுவையாகத் திரும்பிவிடும். தேங்காய்ப் பால் மென்மையானது, அதன் இனிப்பை இந்த ஒயின் மதிக்காது. சொதிக்குக் குளிர்ந்த வெள்ளை ஒயின்தான் துணை.

அல்வாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் விருந்தினர் வந்தால் திருநெல்வேலி வீட்டில் அல்வா இல்லாமல் இருக்காது. ஒயின் முழுவதும் தீரும்வரை அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். நாக்கில் இனிப்பு ஏறிவிட்டால் இனிப்பே இல்லாத இந்த ஒயின் புளிப்பும் கசப்புமாக மட்டும் தெரியும்.

இனிப் பரிமாறும் முறை. "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறுக" என்று நூல்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை, அதாவது 16 முதல் 18 டிகிரி. நம் அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் பின்னால் போய்விடும். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து அடிமண்டி இறங்க விடுங்கள். திறப்பதற்குச் சிறிது முன்பு ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். இந்த ஒயினுக்கு இரண்டு மணி நேரமாவது காற்றுப் பட வேண்டும் என்பதால் அகன்ற கண்ணாடிக் கூஜா ஒன்றில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அந்தக் கூஜாவைக் குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்துக்குள் நிறுத்தி வையுங்கள். நீர் சூடேறினால் நான்கு பனிக்கட்டி போடுங்கள். எவர்சில்வரில் ஊற்றினால் கெடாது, ஆனால் நிறம் தெரியாது. பித்தளையும் செம்பும் கூடவே கூடாது, பித்தளையில் புளி பட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

கண்ணாடிக் கோப்பை மெல்லியதாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கோப்பையில் சூடேறும் முன்பே குடித்துவிடலாம். முதலில் கோப்பையை ஆட்டாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த ஈர அறை போன்ற வாடை வந்து, அது நேரம் போகப்போகக் கூடினால் தக்கைக் கேடு என்று பொருள், அதற்கு மருந்தில்லை. மாறாக, மூடிக் கிடந்த மந்தம் மட்டும் இருந்தால் காற்றுப் பட்டதும் விலகிவிடும். இவ்வளவு விலையுள்ள ஒயினிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது முதல் வாயின் வியப்பை அல்ல; ஒரு மாலை முழுவதும் அது எவ்வளவு மாறுகிறது, மாறும்போதும் எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

நெறியாளர் | மே 13, பிற்பகல் 2.10

தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் 21 அகவை நிறைந்திருக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம். குடித்தபின் வாகனம் ஓட்ட வேண்டாம். இழை தொடரலாம்.

வள்ளியூரான் | மே 14, காலை 9.00

அண்ணாச்சியின் கடைசி வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பாளைவாசி அவர்கள் முன்பு வாங்கிய அதே நந்தி மலைக் கபர்னே–ஷிராஸ் ஒன்றையும் வாங்கி வரட்டும். இரண்டையும் ஒரே மாதிரிக் கூஜாக்களில், ஒரே குளிர்ச்சியில், சுவைக்காத ஒருவர் ஊற்றி வைக்கட்டும். எது எது என்று அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஊற்றியவுடன் ஒரு முறையும், நேரம் கழிந்து ஒரு முறையும், உணவோடு ஒரு முறையும் ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, குறிப்பாகப் பெரியவர் முதலில் வாய் திறந்து சொல்லிவிடக் கூடாது.

பாளைவாசி | ஜூலை 20, மாலை 6.30

அனைவருக்கும் வணக்கம். வாக்களித்தபடி அறிக்கையோடு வந்திருக்கிறேன். சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மேலகரத்தில் உள்ள உறவினர் வீட்டில் திறந்தோம். காலையிலிருந்தே சாரல் விட்டுவிட்டுப் பெய்ததால் காற்றில் குளிர்ச்சி இருந்தது. பாட்டிலை முதல் நாளே தெர்மகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், அங்குள்ள ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்துவிட்டோம். தக்கை முறியாமல் முழுதாக வந்தது. ஒயினைத் தொட்டுக்கொண்டிருந்த முனையில் மட்டும் கருஞ்சிவப்புக் கறை, பக்கவாட்டில் நக அகலத்துக்கு மேல் ஏறவில்லை; ஒழுகியதற்கான தடம் எங்கும் இல்லை. மே மாதத்தில் அண்ணாச்சி உடனே சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தக்கை இப்படி இருந்திருக்காது.

வள்ளியூரான் சொன்ன முறையில், என் மனைவியின் தங்கை இரண்டு ஒயின்களையும் அடையாளம் தெரியாத இரண்டு கூஜாக்களில் ஊற்றி, கிணற்று நீர் நிரப்பிய அகன்ற சட்டிக்குள் நிறுத்தி வைத்தார். சமையலறை வெப்பமானியில் ஒயின் 17 டிகிரி காட்டியபோது முதல் சுற்று.

முதல் சுற்றின் தாள்களைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, எங்களில் பெரும்பாலோர் நந்தி மலை ஒயினையே சிறந்தது என்று எழுதியிருந்தோம். அதில் பழுத்த பழமும் வெனிலாவும் கோப்பை அருகில் வந்தவுடனே மணந்தன, வாயில் துவர்ப்பும் குறைவு. மற்றது இறுக்கமாக இருந்தது. சீவிய பென்சிலின் மணம், அதற்குப் பின்னால் மிகவும் தள்ளி ஏதோ ஒரு கருமையான பழம், பிறகு ஈறுகளைப் பிடிக்கும் துவர்ப்பு. "இதில் ஒன்றும் இல்லை" என்று என் மாமனார் எழுதியிருந்தார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பின் நடந்த இரண்டாம் சுற்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். நந்தி மலை ஒயின் இருந்த முதல் கூஜா அப்படியே இருந்தது. அதன் இனிய மணம் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னது. இரண்டாம் கூஜாவில் நாவற்பழத் தோலைக் கடித்தால் வரும் அந்தக் கருநீல மணம் எழுந்துவந்திருந்தது. கோப்பையைச் சுழற்றியபோது கிராம்பு வந்தது; ஆசிரியர் ஐயா எழுதியிருக்காவிட்டாலும் அதை நான் அறிந்திருப்பேன். அதற்கு மேலாக, கற்பூரவல்லி இலையைக் கசக்கியதுபோன்ற ஒரு பச்சை நறுமணம் இழையாக ஓடியது. குடைமிளகாய் வாடை என்று சொல்லும் அளவுக்கு எதையும் யாரும் எழுதவில்லை. வெள்ளை வேட்டிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால், நடுவில் ஒளி புகாத சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறத்தின் தொடக்கம்.

வாயில்தான் பெரிய மாற்றம். துவர்ப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் ஈறுகளில் மட்டும் நின்றது இப்போது நாக்கு முழுவதும் ஒரே சீராக, மிக மெல்லிய பொடிபோலப் படர்ந்தது. அதனூடே ஒரு புளிப்பு, கூர்மையில்லாமல், நீரோட்டம்போல ஓடிக்கொண்டே இருந்தது. விழுங்கியபின் சுவை நெடுநேரம் நின்றது, நிற்கும்போதும் ஒன்றாக நிற்கவில்லை: பழம் முதலில் விலகியது, பிறகு மரம், கடைசியில் அந்த இலை மணம்.

சாரல் அக்காவின் முறைப்படி சமைத்த கறியோடு மூன்றாம் சுற்று. இப்போது மாமனார் தம் தாளில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இதைக் குடித்தபின் வாய் கழுவியதுபோல ஆகிவிடுகிறது. அடுத்த துண்டுக் கறி முதல் துண்டு போலவே ருசிக்கிறது. மற்றதைக் குடித்தால் இரண்டு துண்டிலேயே திகட்டுகிறது." கூஜாக்களின் அடையாளத்தைச் சொன்னபோது யாருக்கும் பெரிய வியப்பு ஏற்படவில்லை, ஏனென்றால் மூன்றாம் சுற்றில் எல்லாத் தாள்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

அண்ணாச்சிக்கு ஒரு செய்தி: வீட்டுப் பெரியம்மா வற்புறுத்தியதால் சிறிது சொதியோடும் சுவைத்துப் பார்த்தோம். நீங்கள் சொன்ன உலோகச் சுவை வந்தது.

சாரல் | ஜூலை 20, இரவு 9.10

சொதியில் நான் அண்ணாச்சியின் பேச்சை ஏற்கிறேன், எலுமிச்சையை விட்டுவிட்டுச் செய்து பார்க்கும் எண்ணம் மட்டும் இன்னும் இருக்கிறது. கறி வாய்த்தது என்று படித்ததில் மனம் நிறைந்தது.

வள்ளியூரான் | ஜூலை 21, காலை 8.25

தாள்களை மறைத்து, முறையாக நடத்தியதற்கு என் நன்றி. ஆசிரியர் ஐயா அன்று சொன்னதும் இதுதான். வேறுபாடு இருக்கிறது என்பதை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விலையின் விகிதத்தை இன்னும் ஏற்கவில்லை. மகசூலைக் குறைத்து விளைவிப்பதும், இரண்டு ஆண்டுகள் ஓக் பீப்பாயில் வைத்திருப்பதும் உண்மையான செலவுகள். அவற்றுக்கு மேல் உள்ள பெரும் பங்கு, குடிப்பதற்காக அல்லாமல் சேர்த்து வைப்பதற்காக வாங்குபவர்களின் போட்டியால் ஏறியது. இந்தியாவில் வாங்கியிருந்தால், இறக்குமதி ஒயினுக்கு நீண்ட காலமாக இருந்துவந்த 150 விழுக்காடு சுங்க வரியும் அதன் தலையில் ஏறியிருக்கும். நம் நாக்கு இந்தச் செலவு எதையும் சுவைப்பதில்லை. ஆகவே இந்த அனுபவத்தை விரும்பும் மற்ற உறுப்பினர்களுக்கு நான் சொல்வது, உச்சிப் பெயர்களுக்குப் போகாமல், அதே போல்கெரியிலும் போர்தோவின் மெதோக் பகுதியிலும் உள்ள அடுத்த வரிசைப் பண்ணைகளின் கபர்னேவை வாங்கி, இதே பொறுமையோடு சுவையுங்கள்.

குறுக்குத்துறை | ஜூலை 21, பிற்பகல் 12.40

வள்ளியூரான் சொல்லும் பரிந்துரை சரியானது, நானும் அதையே செய்வேன். ஆயினும் ஒன்று: அடுத்த வரிசைப் பண்ணைகள் எதை நோக்கி உழைக்கின்றன என்பதை அறிய, வாய்ப்புக் கிடைக்கும்போது உச்சியில் இருப்பதை ஒரு முறையாவது சுவைத்திருக்க வேண்டும். சேர்த்து வைப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதற்காக அந்த மண்ணின் மேலோ, அதை நட்டு வளர்த்தவர்களின் மேலோ நாம் குறை காண முடியாது. பாளைவாசி தம்பியின் வீட்டார் அதைக் குடிப்பதற்காகவே திறந்தார்கள், அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பாளைவாசி | ஜூலை 21, இரவு 7.15

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. பாட்டிலின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கரண்டி அளவு மண்டி நின்றது. அது கெட்டுப்போனதன் அறிகுறியா? மேலும், ஒரு கோப்பை அளவு ஒயின் எஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம், அதைக் குடிக்கலாமா?

கடையம் ஆசிரியர் | ஜூலை 21, இரவு 9.30

கெட்டுப்போகவில்லை. முன்பு நான் எழுதியபடி, டானினும் நிறமியும் பிணைந்து பெரிதாகும்போது ஒயினில் கரைந்திருக்க முடியாமல் அடியில் இறங்கிவிடும்; பளபளப்பான சிறு படிகங்களும் அதில் இருந்தால் அவை டார்டாரிக் அமிலத்தின் உப்பு, நம் புளியில் இருப்பதும் அதே அமிலம். தீங்கில்லை, கசக்கும் என்பதால் மட்டுமே குடிப்பதில்லை. எஞ்சிய ஒயினைப் பெரிய பாட்டிலில் விடாமல், கழுவிக் காயவைத்த சிறு கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள், குடிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுங்கள்.